பூச்சட்டியில் பூச்சி, வீட்டுக்குள் நஞ்சு வேண்டாமே!



பூனாகலைப் பக்கம் எந்த லயத்துக்குப் போனாலும் முதலில் கண்ணில் படுவது இஸ்தோப்பு ஓரத்தில் வரிசையாக நிற்கும் பூச்சட்டிகள்தான். பால்மா டின், பழைய பெயிண்ட் வாளி, பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் கேன் என்று கையில் கிடைத்த எல்லாவற்றிலும் நம் தாய்மார் செடி வைத்திருக்கிறார்கள். ரோசா, டேலியா, ஜெரேனியம், ஆந்தூரியம் ஒரு பக்கம். துளசி, கற்பூரவள்ளி, கறிவேப்பிலை, இரண்டு மிளகாய்ச் செடி மறு பக்கம். விடிந்தால் பெரட்டு, பிறகு மலை, பிறகு கொழுந்து நிறுக்கும் இடம் என்று ஓடுகிற வாழ்க்கையில், இது நமக்கென்று நாமே வைத்துக்கொண்ட சின்னத் தோட்டம்.

அந்தச் செடியில் ஒரு நாள் வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கும். இலை சுருளும், மொட்டு கருகும். உடனே பக்கத்து வீட்டில் இருந்து ஒரு யோசனை வரும்: "மருந்தடிக்கிற மாமாகிட்ட ஒரு மூடி வாங்கி ஊத்துனா எல்லாம் செத்துப் போயிரும்."

இந்த ஒரு மூடியைப் பற்றித்தான் இந்த முறை நாம் படிக்கப் போகிறோம்.

ஒரு வீட்டில் நாம் கண்டது

சில காலத்துக்கு முன் வீடு வீடாகப் போய்ப் பேசியபோது ஒரு காம்பராவில் கட்டிலுக்கு அடியில் ஒரு சோடாப் போத்தல் இருந்தது. உள்ளே பால் போன்ற வெள்ளைத் தண்ணீர். "என்னம்மா இது?" என்று கேட்டோம். "அது ரோசாச் செடிக்கு வாங்குன மருந்துங்க. மிச்சத்தை எடுத்து வச்சிருக்கேன்" என்றார் அந்த வீட்டு அப்பாயி. நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே நாலு வயதுப் பேரன் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போய் அந்தப் போத்தலைத் தூக்கிவிட்டான். மூடியில் வாய் வைப்பதற்குள் தாய் பிடுங்கிவிட்டார். அப்பாயிக்குக் கை கால் நடுங்கிப் போனது. நமக்கும்தான்.

அவர் கெட்ட எண்ணத்தோடு வைக்கவில்லை. ஆனால் அந்தப் போத்தலில் பெயர் இல்லை, எவ்வளவு கலப்பது என்ற குறிப்பு இல்லை, நஞ்சு என்ற எச்சரிக்கையும் இல்லை. பிள்ளையின் கண்ணுக்கு அது சோடா. அவ்வளவுதான்.

தோட்டத்து மருந்து ஏன் வீட்டுக்கு ஆகாது?

முதலாவது, தோட்டத்துக்கு வரும் மருந்து கெட்டியானது. பெரிய டேங்க் தண்ணீரில் அளவாகக் கலந்து, திறந்த மலையில், பாதுகாப்பு உடை போட்டு அடிப்பதற்கென்று செய்தது. ஒரு மூடியை ஒரு செம்புத் தண்ணீரில் கலந்தால் அது அளவுக்குப் பல மடங்கு கூடிவிடும்.

இரண்டாவது, நம் லயக் காம்பராவில் சமைப்பதும் படுப்பதும் பிள்ளை விளையாடுவதும் பத்தடிக்குள் நடக்கின்றன. இஸ்தோப்பில் அடித்த மருந்து காற்றோடு உள்ளே வந்து சோற்றுப் பானையிலும் படும், பாயிலும் படும்.

மூன்றாவது, சில மருந்துகள் இலைக்கு மேலே மட்டும் நிற்பதில்லை. வேர் வழியாகவும் இலை வழியாகவும் செடியின் சாற்றோடு கலந்து உள்ளே ஓடும். அப்படிப்பட்ட மருந்து போட்ட துளசியை எத்தனை தடவை கழுவினாலும் நஞ்சு போகாது. பிள்ளைக்கு இருமல் என்றால் நாம் பறிப்பது அதே துளசியைத்தான். ரசத்துக்குக் கிள்ளுவது அதே கறிவேப்பிலையைத்தான்.

நான்காவது, வாங்கியது பூச்சி மருந்தா, புல்லுக்கு அடிக்கும் மருந்தா என்று பெயரில்லாத போத்தலில் யாருக்குத் தெரியும்? புல் மருந்தாக இருந்தால் பூச்சியோடு செடியும் போகும்.

முதலில் பூச்சியைத் தெரிந்துகொள்வோம்

மருந்து தேடுவதற்கு முன் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பூச்சி பெரும்பாலும் இலையின் அடிப்பக்கத்தில்தான் இருக்கும்.

1. அழுக்கணவன். அசுவினி என்றும் சொல்வார்கள். பச்சை அல்லது கறுப்பு நிறத்தில், ஊசிமுனை அளவில், ரோசாவின் இளங்கொழுந்திலும் மொட்டிலும் கூட்டமாக இருக்கும். சாற்றை உறிஞ்சுவதால் கொழுந்து சுருளும்.

2. மாவுப்பூச்சி. பஞ்சு ஒட்டினது போல இருக்கும். இலைக் காம்பின் இடுக்கிலும் தண்டின் கணுவிலும் ஒளிந்திருக்கும். மேலே உள்ள மெழுகுப் பஞ்சினால் வெறும் தண்ணீர் அதன் மேல் ஒட்டாது.

3. செதில் பூச்சி. தண்டில் பழுப்புப் பொட்டு ஒட்டினது போல அசையாமல் இருக்கும். நகத்தால் கீறினால் பெயர்ந்து வரும். இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். நம் முன்னோர் இந்த மலைகளுக்கு வந்தது கோப்பிக்காக. 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட துரு நோய் அந்தக் கோப்பியைச் சாய்த்தது. மிச்சம் இருந்ததை 1880களில் பச்சைச் செதில் பூச்சியும் சேர்ந்து அழித்தது.

4. வெள்ளை ஈ. செடியைத் தட்டினால் வெள்ளைத் தூசி போலப் பறந்து, திரும்பவும் வந்து உட்காரும். மிளகாய், தக்காளியில் அதிகம்.

5. சிற்றுண்ணி. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. இலை மேலே மஞ்சள் புள்ளி, அடியில் மெல்லிய வலை. ஊவாப் பக்கம் ஆடி, ஆவணியில் காய்ந்த காற்று வீசுகிற காலத்தில் இது பெருகும். மழை தொடங்கினால் குறையும்.

எறும்பு வரிசையாகச் செடியில் ஏறுகிறதா? அப்படியானால் மேலே அழுக்கணவனோ மாவுப்பூச்சியோ செதில் பூச்சியோ இருக்கிறது என்று அர்த்தம். இவை இனிப்பான கழிவை விடும். எறும்பு அதைக் குடிக்க வரும். வருகிறதோடு நிற்காமல், அந்தப் பூச்சிகளைத் தின்ன வரும் நல்ல பூச்சிகளை விரட்டியும் விடும். இனிப்புக் கழிவு விழுந்த இலையில் கரி பூசியது போலக் கறுப்புப் பூஞ்சணமும் வளரும்.

நஞ்சில்லாமல் விரட்டும் படிகள்

முதற் படி: பிரித்து வைத்தல். பூச்சி பிடித்த சட்டியை மற்றவற்றில் இருந்து தள்ளி வையுங்கள். யாராவது கொடுத்த புதுச் செடியையும் இரண்டு கிழமை தனியாக வைத்துப் பார்த்த பிறகு வரிசையில் சேருங்கள். மோசமாகப் பிடித்த கொழுந்தைக் கிள்ளி, ஒரு பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பக்கத்துச் செடிக்கு அடியில் போடக் கூடாது.

இரண்டாம் படி: தண்ணீர். அழுக்கணவனுக்கும் சிற்றுண்ணிக்கும் பாதி மருந்து தண்ணீர்தான். சட்டியைப் பீலிக்குக் கொண்டுபோய், மண் கரையாமல் ஒரு பையால் மூடிக்கொண்டு, இலையின் அடிப்பக்கம் படும்படி கழுவுங்கள். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை செய்தால் பெரும்பாலும் வேறு எதுவுமே தேவைப்படாது.

மூன்றாம் படி: சவர்க்காரத் தண்ணீர். ஒரு லீற்றர் தண்ணீருக்குச் சீவிய சாதாரணச் சலவைச் சவர்க்காரம் ஒரு தேக்கரண்டி போதும். கொஞ்சம் சுடுநீரில் கரைத்து, ஆறிய பிறகு மிச்சத் தண்ணீரைச் சேருங்கள். சலவைத் தூள் போட வேண்டாம், அது இலையைக் கருக்கும். முதலில் ஒரே ஒரு இலையில் பூசி ஒரு நாள் பாருங்கள். இலை வாடாவிட்டால் செடி முழுதும் தெளிக்கலாம். பன்னச் செடிகளுக்கும் மென்மையான இலைச் செடிகளுக்கும் இது ஒத்துவராது.

இது எப்படி வேலை செய்கிறது? சவர்க்காரம் பூச்சியின் மெழுகுத் தோலைக் கரைத்து, மூச்சுத் துளைகளை அடைத்துவிடும். ஆகவே பூச்சியின் மேல் நேராகப் பட்டால்தான் அது சாகும். காய்ந்த பிறகு அதற்குச் சக்தி இல்லை. முட்டைகளும் சாகாது. அதனால் ஆறேழு நாளைக்கு ஒரு முறை, மூன்று தடவை தெளிக்க வேண்டும். "ஒரு தடவை அடிச்சேன், போகல" என்று சொல்பவர்கள் பலரும் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். வெயில் ஏறுவதற்கு முன் அல்லது மாலையில் தெளித்து, இரண்டு மணி நேரம் கழித்து நல்ல தண்ணீரால் கழுவுங்கள். துளசி, கறிவேப்பிலை பறிக்கும்போதும் மீண்டும் நன்றாகக் கழுவுங்கள்.

நான்காம் படி: மாவுப்பூச்சிக்குத் துடைப்பு. ஆஸ்பத்திரியில் புண் துடைக்கும் ஸ்பிரிட் கொஞ்சம் பஞ்சில் தொட்டு, பூச்சியின் மேல் மட்டும் வையுங்கள். வெள்ளைப் பஞ்சு கரைந்து பூச்சி சாகும். செதில் பூச்சியைப் பழைய பல் துலக்கும் பிரஷில் சவர்க்காரத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து எடுக்கலாம். ஸ்பிரிட் தீப்பற்றும், குடித்தால் நஞ்சு. அடுப்புப் பக்கத்திலும் பிள்ளைகளுக்கு எட்டும் இடத்திலும் வைக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: வேம்பு. நம் குளிர் மலையில் வேப்பமரம் செழிப்பாக வராது. கீழே வெல்லவாய, மொனராகலைப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் காய்ந்த வேப்பங்கொட்டை கேட்டு வாங்கலாம். ஓடு நீக்கிய பருப்பு 50 கிராம் எடுத்து இடித்து, துணியில் முடிந்து, ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுதும் ஊற வையுங்கள். காலையில் பிழிந்து வடித்து, சிறிது சவர்க்காரம் சேர்த்து, அன்றைக்கே தெளித்து முடியுங்கள். வேம்பில் உள்ள அசாடிராக்டின் என்னும் சத்து பூச்சியை உடனே கொல்லாது. பூச்சி தின்னாமலும் தோல் உரித்து வளராமலும் தடுக்கும். ஆகவே சில நாள் பொறுத்திருக்க வேண்டும். இலையை விடக் கொட்டையில்தான் இந்தச் சத்து அதிகம். ஒரு எச்சரிக்கை: வேம்பு இயற்கைப் பொருள் என்று நினைத்து வேப்பெண்ணெயைச் சிறு பிள்ளைக்குக் குடிக்கக் கொடுக்காதீர்கள். அது உயிருக்கே ஆபத்து.

எறும்புக்கு: சட்டி வைத்த பலகையின் காலில் கிரீஸ் அல்லது வாசலின் தடவினால் போதும். சிலர் தட்டில் தண்ணீர் ஊற்றி அதில் சட்டியை வைப்பார்கள். அந்தத் தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். தட்டு வைத்தே ஆக வேண்டும் என்றால் கிழமைக்கு ஒரு தடவையாவது ஊற்றிவிட்டு, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை தட்டின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

செய்யக் கூடாதவை

புகையிலைத் தண்ணீர் பழைய முறைதான். ஆனால் அதில் ஊறும் நிகோட்டின் கடும் நஞ்சு, தோல் வழியாகவே உடம்பில் ஏறும். மிளகாய், தக்காளிக்குப் புகையிலையில் இருந்து வைரஸ் நோயும் ஒட்டும்.

மண்ணெண்ணெய் இலையைக் கருக்கும். வீட்டில் தீ அபாயமும் உண்டு.

கரப்பான் ஸ்பிரேயைச் செடிக்கு அடிக்காதீர்கள். அதற்கென்று செய்ததல்ல.

தோட்டத்து ஸ்பிரே டேங்கை இரவல் வாங்காதீர்கள். உள்ளே புல் மருந்து கொஞ்சம் தங்கியிருந்தாலும் உங்கள் ரோசா கருகிவிடும்.

மருந்து வந்த வெற்றுக் கேனில் தண்ணீர் பிடிக்கவோ, எண்ணெய் வைக்கவோ, பூச்செடி வைக்கவோ கூடாது. கழுவினாலும் நஞ்சு பிளாஸ்டிக்கில் தங்கும். உங்கள் இஸ்தோப்பில் இருக்கும் கேன்களை இன்றே ஒரு தடவை பாருங்கள். முன்பு அதில் என்ன இருந்தது என்று தெரியுமா?

நம் தேயிலையே சொல்லும் பாடம்

நல்ல பூச்சிகளும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. பொறிவண்டும் அதன் முதலை போன்ற சிறு குஞ்சும் அழுக்கணவனைத் தின்னும். அந்தக் குஞ்சைக் கெட்ட பூச்சி என்று நினைத்து நசுக்கிவிடுகிறோம்.

இலங்கைத் தேயிலையில் நடந்த ஒரு கதை கேளுங்கள். தேயிலை இலைகளை ஒட்டிச் சுருட்டி, உள்ளே இருந்து தின்னும் ஒரு புழு உண்டு. அது தோட்டங்களைப் பாடாய்ப் படுத்தியது. 1935, 1936ஆம் ஆண்டுகளில் ஜாவாவில் இருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்தக் குளவி புழுவின் உடம்புக்குள் முட்டையிடும், குஞ்சுகள் புழுவைத் தின்றுவிடும். சில வருஷங்களில் புழு அடங்கியது.

பிறகு 1950களில், தேயிலைக் குச்சியில் ஓட்டை போடும் வண்டை ஒழிக்க டீல்ட்ரின் என்ற மருந்தை அடித்தார்கள். அந்த மருந்து குளவியைக் கொன்றது. அடங்கியிருந்த சுருட்டுப் புழு திரும்பவும் கிளம்பிவிட்டது. ஒரு பூச்சிக்கு அடித்தது இன்னொரு பூச்சியை வளர்த்தது. அதே டீல்ட்ரின், 2001ஆம் ஆண்டின் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையில் உலக நாடுகள் ஒதுக்க ஒப்புக்கொண்ட முதல் 12 நஞ்சுகளில் ஒன்றானது.

அண்மைக் காலத்திலும் இப்படி ஒன்று நடந்தது. 2008இல் இலங்கையில் பப்பாசி மாவுப்பூச்சி புதிதாகத் தோன்றிப் பப்பாசியையும் வீட்டுத் தோட்டத்துச் செடிகள் பலவற்றையும் வெள்ளையாக மூடியது. அடுத்த வருஷம் வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்து விட்ட ஒரு சின்னக் குளவிதான் அதற்கும் கைகொடுத்தது. பெரிய தோட்டத்துக்கே இதுதான் நியாயம் என்றால் நம் பத்துச் சட்டிக்கு நஞ்சு எதற்கு?

சட்டம் என்ன சொல்கிறது?

1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, பதிவு செய்த மருந்தை மட்டுமே விற்கலாம், முறையான லேபிள் இருக்க வேண்டும். பிரித்துச் சோடாப் போத்தலில் ஊற்றிக் கொடுப்பது இந்தப் பாதுகாப்பையே உடைக்கும் காரியம். இந்த நாட்டில் மிகக் கொடிய மருந்துகள் படிப்படியாக நிறுத்தப்பட்டன: 1995இல் மெதமிடொபொஸ், மொனோகுரோட்டோபொஸ் போன்றவை, 1998இல் எண்டோசல்பான், 2008 முதல் 2011 வரை டைமெதோயேட், பென்தியன், பரகுவாட். இதன் பின் நஞ்சினால் போகும் உயிர்கள் வெகுவாகக் குறைந்தன. கைக்கு எட்டாமல் இருந்தாலே உயிர் பிழைக்கும் என்பதுதான் அதன் பொருள். பிள்ளைக்கு மட்டுமல்ல, கோபத்திலும் துக்கத்திலும் மனசு உடைந்து நிற்கும் பெரியவருக்கும் அதுவே காப்பு. அப்படி யாராவது நொந்திருந்தால் தனியாக விடாதீர்கள். 1926 என்ற மனநல இலக்கத்துக்கும் பேசலாம்.

விபத்து நடந்துவிட்டால்

• விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பால், உப்புத் தண்ணீர், எண்ணெய் எதையும் குடிக்கக் கொடுக்காதீர்கள்.

• 1990 சுவசெரிய அம்புலன்ஸை உடனே கூப்பிடுங்கள், அது இலவசம். வரத் தாமதமானால் கிடைக்கும் வாகனத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

• மயக்கமாக இருந்தால் இடது பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள்.

• தோலில் பட்டால் உடுப்பைக் கழற்றிவிட்டுச் சவர்க்காரம் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் சுத்தமான தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள்.

• போத்தலையும் லேபிளையும் கையோடு கொண்டுபோங்கள். என்ன மருந்து என்று தெரிந்தால்தான் டொக்டர் சரியான மாற்று மருந்து கொடுக்க முடியும்.

• வாயில் எச்சில் ஒழுகுவது, அதிக வியர்வை, வாந்தி, கண்மணி சுருங்குவது, மூச்சுத் திணறல் ஆகியவை நஞ்சின் அறிகுறிகள். "கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்று காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் இப்போது அப்படி ஒரு போத்தல் இருந்தால் பீலியிலோ கானிலோ ஊற்றிவிடாதீர்கள். கீழ் லயத்து மக்கள் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். மூடியை இறுக்கி, "நஞ்சு" என்று எழுதி, பூட்டி வைத்து, தோட்டத்தில் மருந்துக்குப் பொறுப்பானவரிடம் ஒப்படையுங்கள். ஏசுவார்களோ என்று பயந்து மறைக்க வேண்டாம். செடியைப் பற்றிச் சந்தேகம் என்றால் விவசாயப் போதனாசிரியரைக் கேட்கலாம், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்தில் கேட்கலாம்.

படித்ததைப் பார்ப்போம்

பிள்ளைகளை வாசிக்கச் சொல்லி, வீட்டில் எல்லோரும் சேர்ந்து பதில் சொல்லுங்கள்.

1. எறும்பு செடியில் ஏறினால் அது எதைக் காட்டுகிறது?
2. சவர்க்காரத் தண்ணீரை ஏன் மூன்று தடவை தெளிக்க வேண்டும்?
3. கழுவினாலும் துளசியில் இருந்து போகாத மருந்து எப்படிப்பட்டது?
4. டீல்ட்ரின் அடித்த பிறகு சுருட்டுப் புழு ஏன் பெருகியது?
5. நஞ்சு விழுங்கியவருக்கு முதலில் செய்ய வேண்டியது என்ன? செய்யக் கூடாதது என்ன?

அந்த அப்பாயி வீட்டுக்கு நாம் திரும்பவும் போனோம். கட்டிலுக்கு அடியில் போத்தல் இல்லை. பேரன் பழைய பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு ரோசாத் தண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "இப்ப இவன்தாங்க எங்க வீட்டு மருந்துக்காரன்" என்று அப்பாயி சிரித்தார். செடியில் இன்னும் நாலைந்து பூச்சி இருக்கத்தான் செய்தது. இருந்துவிட்டுப் போகட்டும். ரோசாவும் பூத்திருந்தது, பிள்ளையும் சுகமாக இருந்தான்.

இன்று மாலை வேலை விட்டு வந்ததும் இரண்டு காரியம் செய்வோம். ஒன்று, இலையைத் திருப்பிப் பார்ப்போம். இரண்டு, கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்போம்.